மரபணுவை 'மியூட்' செய்யும் க்ரீம் சாத்தியமா? தோல்தான் தடை... கொழுப்புத் துகள் வழி திறக்குமா?

உள்ளங்காலில் தோல் தடித்து, நடக்கவே முடியாத வலி. 'பேக்கியோனிக்கியா கான்ஜெனிட்டா' என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களின் தினசரி நிலை இது. கெரட்டின் மரபணு ஒன்றில் உள்ள பிழைதான் காரணம். அந்தப் பிழையை மட்டும் 'மியூட்' செய்துவிட்டால்?

எப்படி 'மியூட்' செய்வது?

மரபணு சொல்வதைப் புரதமாக்க, செல்லுக்குள் எம்ஆர்என்ஏ என்ற தூது இருக்கிறது. அதற்குப் பொருந்தும் சிறிய 'எஸ்ஐஆர்என்ஏ' துண்டை உள்ளே அனுப்பினால், தூது வெட்டப்படும். புரதம் உருவாகாது. டிஎன்ஏ-வில் கை வைப்பதே இல்லை. இந்த ஆர்என்ஏ குறுக்கீட்டை 1998-ல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து வந்துவிட்டதா?

வந்துவிட்டது. 2018-ல் அமெரிக்கா அங்கீகரித்த 'பாட்டிசிரான்' வேறொரு பரம்பரை நோய்க்கானது. கொழுப்பு நானோ துகளில் அடைத்து, 3 வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸாக ஏற்றுகிறார்கள். ஆனா, அது போய்ச் சேருவது கல்லீரலுக்கு. தோலுக்கு இந்த வழி உதவாது.

நேரடியாகத் தடவினால்?

இங்கேதான் சிக்கல். மேல்தோலின் வெளி அடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்தான் பூச்சுக்கலவை. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் பொதுவாக இதைத் தாண்டாது. எஸ்ஐஆர்என்ஏ-வின் எடையோ சுமார் 13,000 டால்டன்!

அதனால்தான் முதல் மனித சோதனையில் ஊசி போட்டார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் இருந்தது ஒரே ஒரு நோயாளி. ஒரு பாதத்தில் மருந்து, மறு பாதத்தில் மருந்தில்லாத திரவம். மருந்து போட்ட இடத்தில் தடிப்பு குறைந்தது. ஆனா, ஊசியின் வலி கடுமை.

கொழுப்பு என்ன செய்யும்?

சுவரின் கலவையே கொழுப்பு என்பதால், கொழுப்பாலான வாகனம் அதோடு கலக்கும். சாதாரண லிப்போசோம் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். ஆல்கஹால் சேர்த்த 'எத்தோசோம்' கலவையை இளக்கும். 'டிரான்ஸ்ஃபர்சோம்' வளைந்து நெளிந்து இடுக்கில் நுழையும். நேர்மின் கொழுப்பு, எதிர்மின் எஸ்ஐஆர்என்ஏ-வை இறுகப் பிடிக்கும். அளவு மிஞ்சினால் செல்லுக்கே நஞ்சு.

எப்போ கைக்கு வரும்?

எலித் தோல் மெல்லியது. அதில் கிடைத்த வெற்றி மனிதத் தோலில் அப்படியே பலிக்காது. செல்லுக்குள் போனாலும், 'எண்டோசோம்' பையில் சிக்காமல் தப்புவது சிறு பங்குதான். சொரியாசிஸ், எக்சிமாவுக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால், தடவும் எஸ்ஐஆர்என்ஏ மருந்து எதுவும் இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. 'ஜீன் க்ரீம்' என்று யாராவது விற்றால், உஷார்!