"நான் நல்லாயிருக்கிறன் அம்மா"

பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டிலிருந்தும் இப்போது பிள்ளைகள் இலண்டனுக்குப் படிக்கப் போகிறார்கள். வயலை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து, போதாததற்கு வெளிநாட்டிலுள்ள சித்தப்பாவைப் பிடித்து அனுப்பி வைக்கிறார்கள். அதன் பிறகு தொலைபேசியில் தாய் கேட்பது, "தம்பி, சாப்பிட்டியோ?" பதில், "ஓம், நான் நல்லாயிருக்கிறன் அம்மா."

ஆசிய மாணவர்கள் வெட்கத்தினால் உளவளத்துணையை நாடுவதில்லை என்று பல்கலைக்கழகத்தார் கட்டுரைகள் எழுதிக் குவிக்கிறார்கள். முழுப் பொய்யன்று. "அவனுக்குத் தலை சுகமில்லையாம்" என்ற ஒரு சொல் ஊருக்கு வந்தால் போதும், தங்கைக்குப் பேசிய சம்பந்தம் திரும்பிப் போய்விடும். ஆனால் வெட்கத்திலும் பெரியது பயம் என்பதே என் எண்ணம். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு.

பிரித்தானியாவில் மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு நிற்கிறது. பிள்ளை படிப்பைக் கைவிட்டால் அது உள்துறை அமைச்சுக்கு, நம்மவர் மொழியில் ஹோம் ஒபிஸுக்கு, அறிவித்தாக வேண்டும். அதே கட்டடத்தின் இன்னொரு கதவில் "கவலையா? எங்களிடம் பேசுங்கள்" என்று ஒட்டியிருக்கிறது. எந்தக் கதவு எந்தக் கதவோடு பேசும் என்று புதிதாய் வந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அதிலும் உடையார்கட்டுப் பிள்ளைக்கு? 2009 ஜனவரி 21இல் அரசு அறிவித்த "பாதுகாப்பு வலயத்துக்குள்" அந்த ஊர் இருந்தது. நம்பி ஒதுங்கிய சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. அங்கே இயங்கிய தற்காலிக மருத்துவமனையும் தப்பவில்லை. இன்று இருபதுகளில் இருப்போர் அன்று பங்கருக்குள் இருந்த குழந்தைகள். பின்னர் மனிக் பாம் முட்கம்பிக்குள், பதிவு என்றால் பயம் என்று பெரியவர்களின் முகத்தைப் பார்த்தே அறிந்தவர்கள். பாதுகாப்பான இடம் என்று அதிகாரத்திலுள்ளோர் சொல்வதை அவர்கள் உடனே நம்பாதது நோயன்று, பட்டறிவு.

ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். உளவளத்துணையாளரிடம் பேசுவது, உயிராபத்துப் போன்ற அரிய நிலை தவிர, அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பதே விதி. 2024 முதல் மாணவர்கள் விசாவோடு ஆண்டுக்கு 776 ஸ்ரேர்லிங் பவுண் மருத்துவக் கட்டணம் கட்டுகிறார்கள். குடும்ப வைத்தியரைப் பார்க்க வேறு காசு வேண்டியதில்லை. கட்டிய காசுக்கே வைத்தியரிடம் போகாத பிள்ளைகளை நான் அறிவேன். படிப்பை நீண்ட காலம் இடைநிறுத்தினால் விசாவுக்கு இடைஞ்சல் வரலாம் என்பது உண்மை. அதனாற்றான் முன்கூட்டியே வாய் திறக்கவேண்டும். ஒப்படைக்குத் தவணை கேட்பதற்கும் பரீட்சையைத் தள்ளிப்போடுவதற்கும் வழிகள் உண்டு. தோற்ற பிறகு அவை ஒவ்வொன்றாய் அடைபடும்.

எல்லாரிலும் தனியன், தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் என்ற எல்லையை மீறி வேலை செய்பவன். சம்பளத்தில் பாதியை முதலாளி விழுங்கினாலும் அவனால் முறையிட முடியாது. அந்த முதலாளி பல வேளைகளில் நம்மவர். இதற்குக் கண்டனக் கடிதங்கள் வரும், வரட்டும்.

கடன் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு கிழமையும் மகனுக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று உடையார்கட்டில் ஒரு தாயிடம் கேட்டேன்.

"அவன்தானே ஐயா கேக்கிறான்" என்றார்.