விதி என்று சொல்லித் தப்பிப்பது

தேவனின் முன்னறிவு என்று பேச்செடுத்தாலே, 'நம் ஊழ்தானே இது' என்று நம் விமர்சகர்கள் கடையைக் கட்டிவிடுகிறார்கள். கொரட்டூரில் கூடும் எங்கள் சிறு வட்டத்திலும் இதே கதைதான். இது சோம்பேறித்தனம். ஊழ் என் வினையின் பலன். அது வந்து சேர, என்னை முன்கூட்டி அறிந்த ஒருவர் தேவையில்லை. கிறிஸ்தவத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். சிக்கலே அவர்தான்.

சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலிப்பாய் என்று பேதுருவிடம் இயேசு சொல்லிவிடுகிறார். அவன் மறுதலிக்கிறான், பிறகு அழுகிறான். விதி என்றால் அழுகை எதற்கு?

6ஆம் நூற்றாண்டில், சிறையிலிருந்த போயத்தியஸ் ஒரு பதில் எழுதினார்: கடவுள் காலத்துக்கு வெளியே நின்று பார்க்கிறார், பார்ப்பதால் மட்டும் ஒன்று நிகழ்ந்துவிடாது. பேரேட்டில் பதிவதால் கடன் உண்டாவதில்லை என்பது வங்கிக் குமாஸ்தாவான எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பேரேட்டை எழுதுபவரேதான் கடன் கொடுத்தவரும். அங்கே அந்தப் பதில் போதவில்லை.

நம்மிடமே ஒரு நூல் இருக்கிறது. வைணவராகப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் 1678ஆம் வருஷத்து நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிக'த்தை 1894இல் வெளியிட்டார். தாயைத் தானே பற்றும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்ற சண்டை அவர் பிறந்த சமயத்தின் சொத்து. பனியனோ கால்வினின் வழிவந்தவர். இந்த இரண்டும் உரசும் இடத்தை விட்டுவிட்டு, அதில் கம்பன் சாயலை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

செய்தது எவருடைய செயலுமல்ல என்றாகிவிட்டால் நாவல் எதற்கு? விமர்சனம்தான் எதற்கு?