காய்ந்த மரம் என்றால் போதுமா?

வீட்டின் தரைக்குப் பலகை வாங்குவோர் "நன்றாகக் காய்ந்த மரமா?" என்று மட்டுமே கேட்கின்றனர். அக்கேள்வி போதாது என்பது என் கருத்து. மரம், தான் இருக்கும் அறையின் காற்றுக்கேற்ப ஈரத்தை ஏற்கும்; விடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாயுள்ள கடலோர அறையில் பலகையின் ஈரம் ஏறத்தாழ 14 சதவீதத்தில் நிலைகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாயுள்ள குளிரூட்டிய அறையிலோ 9 சதவீதத்தில் நிற்கும்.

14 சதவீதத்தில் பதித்த பலகை குளிரூட்டிய அறையில் சுருங்கி இடைவெளி விடும். 9 சதவீதத்தில் நெருக்கிப் பதித்தது ஈரக்காற்றில் விரிந்து மேலெழும்பும். பழியோ தச்சர்மேல் விழும்.

ஆகவே அறையின் பயன்பாட்டை முதலில் தீர்மானியுங்கள். சிமென்ட் தளம் நன்கு உலரட்டும். பலகைகளை அதே அறையில் இடைவெளி விட்டு அடுக்கி, ஈரமானி காட்டும் எண் மாறாது நிற்கும்வரை பொறுத்திருங்கள். அதற்குத் தச்சர் அவகாசம் கேட்டால் மறுக்காதிருங்கள்.