வெள்ளையா வந்தா போதுமா?

நோணாங்குப்பம்னா உங்களுக்குச் சுண்ணாம்பாத்துப் படகுதான் ஞாபகம் வரும். இங்க நெல்லும் போடுறோம்ங்க. நடவு நட்டு மூணு வாரத்துல இலை துருப்பிடிச்ச மாதிரி பழுத்தா துத்தநாகச் சத்து இல்லைன்னு அர்த்தம். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்றாங்க, போடுறோம். அந்த மூட்டைக்குள்ள இருக்கிறது ஜிங்க் சல்பேட்தானா?

பிளஸ் டூ பிள்ளைங்க ஆய்வகத்துல உப்பைக் கரைச்சு, பேரியம் குளோரைடு விடுறாங்க. வெள்ளையா வீழ்படிவு வந்தா 'சல்பேட் உண்டு'ன்னு எழுதுறாங்க. சிபிஎஸ்இ-யில உப்பைக் கண்டுபிடிக்க 8 மார்க். கதை முடிஞ்சது.

கலப்படக்காரனுக்கு இதைவிட வசதி வேணுமா? அவன் கலக்கிறது பேதி உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட். ஜிங்க் சல்பேட் மாதிரியே வெள்ளைப் பளிங்கு, விலை குறைவு. அதுவும் சல்பேட்தானே, அதுக்கும் அதே வெள்ளை வரும்!

ஆனா வந்த வெள்ளையை எடை போட்டுப் பாருங்க. துத்தநாகம் 21 சதவீதம்னு மூட்டையில போட்ட சுத்தமான உப்பு 1 கிராமுக்குச் சுமார் 0.81 கிராம் பேரியம் சல்பேட் கிடைக்கும். பேதி உப்பு 1 கிராமுக்கு 0.95. பாதிக்குப் பாதி கலந்திருந்தா 0.88. சல்பேட் கூடினா சரக்கு நல்லதுன்னு நினைக்காதீங்க, இங்க கூடினாத்தான் சந்தேகம். காத்துல காஞ்சுபோன உப்புக்கும் எடை ஏறும். அதனால காஸ்டிக் சோடா சோதனையும் வேணும்: கொஞ்சமா விட்டா ரெண்டு உப்பும் கஞ்சி மாதிரி திரியும், மேல மேல விட்டா துத்தநாகம் கரைஞ்சிடும், மெக்னீசியம் கரையாது.

'எடை போடுறது கஷ்டம், பொடி வடிதாள்ல நுழைஞ்சு ஓடிடும்'னு ஒரு ஆசிரியர் சொன்னார். நிஜம்தான். சூடான கரைசல்ல கொஞ்சம் அமிலம் சேர்த்து மெதுவா விட்டு, கொஞ்ச நேரம் சூட்டுலயே வெச்சா துகள் பெருசாகும். பொறுமையாக் கழுவிக் காய வைக்கணும். அந்தப் பொறுமையைத்தானே சொல்லிக்குடுக்கணும்? பேரியம் குளோரைடு விஷம்னும் சொல்றாங்க. இப்பவும் அதே பாட்டில்தானே அங்க இருக்கு!

1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கு, ஆய்வாளர் இருக்கார், ஆய்வகம் இருக்கு. பழுத்த பயிருக்குக் காத்திருக்க நாள் இல்லை. பள்ளிக்கூட ரிசல்ட் கோர்ட்டுல செல்லாதுன்னு தெரியும். மிச்சம் இருக்கிற மூட்டையைப் பிரிக்கலாமா வேணாமான்னு முடிவெடுக்க அது போதும். பிராஜக்ட்டுக்குன்னு தனியா 4 மார்க் இருக்கே, அதுல இதை வைங்க. ஆளுக்கு ஒரு கைப்பிடி உரம் அவங்கவங்க வீட்டு மூட்டையிலேருந்தே வரும்.