செத்த பிறகு சீட்டு! கிழக்கத்திக் கூகரைக் கொன்றது யார்?

செத்துப் போனவன் பேருக்கு ரேஷன் கார்டு எழுதி, அதை 45 வருஷம் கட்டிக் காத்து, கடைசியில் "ஆள் இல்லை" என்று பேரை அடித்த அதிகாரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஐக்கிய அமெரிக்காவின் வனவிலங்கு இலாகா செய்தது அந்தக் காரியத்தைத்தான்.

கார்டு பெற்றது மனிதனல்ல. கூகர் என்னும் காட்டுப் பூனை. மலைச்சிங்கம் என்றும் சொல்வார்கள். சிறுத்தை அளவு உடம்பு, புள்ளியில்லாத பழுப்பு மேனி. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் மானை வேட்டையாடிப் பிழைத்தது. மெயின் மாநிலத்தில் 1938-ல் ஒன்றைக் கொன்றார்கள். அநேகமாக அதுவே கடைசி. சர்க்கார் எப்போது விழித்தது? 1973-ல்! 35 வருஷம் கழித்து, "அழியும் ஆபத்திலுள்ள பிராணி" என்று பட்டியலில் சேர்த்தது. 2011 மார்ச்சில் "அழிந்துவிட்டது" என்று அறிவித்தது. 2018 ஜனவரியில் பேரை நீக்கியது.

நீக்கியது குற்றமல்ல. இல்லாததை இல்லை என்று விஞ்ஞானிகள் சொன்னது நேர்மை. ஆனால் மரணச் சான்றிதழ் எழுதிவிட்டால் வழக்கு முடிந்ததா? கொன்றவன் யார் என்று கேட்க வேண்டாமா?

கொன்றது யார்?

கூகரின் தலைக்கு விலை வைத்தது சர்க்கார். காலனி ஆட்சியில் தொடங்கிய இந்த வெகுமதியை, பின்னால் வந்த மாநில சர்க்கார்களும் கொடுத்தன. காட்டை அழித்தது லாபம். மரக் கம்பெனிகளுக்குப் பலகை வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளுக்கு ஹெம்லாக் மரப்பட்டை வேண்டும். நெசவாலைகளுக்குக் கம்பளி வேண்டும். சின்னஞ்சிறு வெர்மான்ட் மாநிலத்தில் மட்டும் 1840-ல் 16 லட்சத்துக்கு மேல் செம்மறி ஆடுகள்! மலைக்காடுகள் மேய்ச்சல் தரையாயின. மான் கூட்டத்தையும் சுட்டுத் தீர்த்தார்கள். காடும் போய், மானும் போன பிறகு, பசித்த மிருகம் எங்கே போகும்? பட்டியில் ஆட்டைப் பிடித்தது. உடனே "கொள்ளைக்காரன்" என்று பட்டம் சூட்டிச் சுட்டார்கள்!

1881-ல் வெர்மான்டில் பார்னார்டு என்ற ஊரில் சுடப்பட்ட கூகர், பாடம் செய்யப்பட்டு மான்ட்பீலியர் மியூசியத்தில் நிற்கிறது. அந்த மாநிலத்துப் பல்கலைக் கழக விளையாட்டுக் கோஷ்டிக்கும் அதன் பேர்தான். பேருக்கு மரியாதை; பிராணிக்குக் குண்டு!

பேருக்கா, பிராணிக்கா சட்டம்?

சட்டம் காத்தது "கிழக்கத்திக் கூகர்" என்ற தனி உள்ளினத்தை. ஆனால் 2000-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி என்ன சொன்னது? வட அமெரிக்கக் கூகர்கள் எல்லாம் ஒரே உள்ளினம் என்றது! அப்படியானால் அந்தப் பிராணி அழியவில்லை. மேற்கே உயிரோடு இருக்கிறது. கிழக்கிலிருந்துதான் அதைத் துரத்தியடித்தார்கள். அழிந்தது இனமல்ல, அது குடியிருந்த இடம்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? "அழிந்தது" என்று அறிவித்த மூன்றே மாதத்தில், 2011 ஜூனில், கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஆண் கூகர் கார் மோதிச் செத்தது. பரிசோதித்தார்கள். அது தெற்கு டகோடாவின் பிளாக் ஹில்ஸ் மலையிலிருந்து 2,400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்த மிருகம்! கிழக்கே வர அதற்குக் கால் இருந்தது. வாழ விடத்தான் ஆளில்லை.

ஏழைக்கு இதில் என்ன?

"மனிதன் பாடே பெரும்பாடு, மிருகத்துக்கு வக்காலத்தா?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கூகர் இல்லாத கிழக்கில் இன்று மான் பெருத்துவிட்டது. இளங்கன்றுகளை மேய்ந்து காட்டைக் கெடுக்கிறது. சாலையில் குறுக்கே பாய்ந்து ஆளைக் கொல்கிறது. கூகர் திரும்பி வந்தால் 30 வருஷத்தில் இத்தகைய விபத்து 22 சதவீதம் குறையும், 155 மனித உயிர் தப்பும், 21,400 பேர் காயத்திலிருந்து தப்புவார்கள் என்று 2016-ல் ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. சாலையில் சாகிறவர்களில் வேலைக்குப் போகிற கூலிக்காரனும் உண்டல்லவா?

"ஆடு போனால் குடியானவன் என்ன செய்வான்?" நியாயமான கேள்வி. நஷ்டத்தைச் சர்க்கார் கொடுக்கட்டும்! கொல்வதற்கு வெகுமதி கொடுத்த கஜானா, காப்பதற்கு நஷ்டஈடு கொடுக்கக் கூடாதா? காட்டைத் தின்றவன் லாபத்தைக் கொண்டு போக, செலவை மட்டும் ஏழையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இனி என்ன?

புளோரிடாவைப் பாருங்கள். அங்கே கூகர் இனம் 20, 30 என்று சுருங்கியிருந்தது. 1995-ல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் கூகர்களைக் கொண்டு வந்து விட்டார்கள். 2017 கணக்குப்படி 120 முதல் 230 வரை பெருகிவிட்டன. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு! ஆனால் அங்கேயும் மனைவியாபாரிகள் காட்டை விழுங்குகிறார்கள். புதுச் சாலைகளில் வாகனம் மோதித்தான் அவை அதிகம் சாகின்றன. இன்று தடுக்காவிட்டால், நாளை இன்னொரு மரணச் சான்றிதழ்தான்.

கிழக்கே பேர் நீங்கிய பிறகு, முடிவு மாநில சர்க்கார்களின் கையில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் பூங்கா எல்லைக்குள் மட்டும் 60 லட்சம் ஏக்கர். இடமில்லை என்ற சாக்குச் செல்லாது. மேற்கிலிருந்து கூகரைக் கொண்டு வந்து விடட்டும்! சட்டம் பேரைக் காத்தது போதும். காட்டைக் காக்கட்டும், உயிரைக் காக்கட்டும்!