160 கிலோவும் 3,350 டன்னும்

உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,350 டன் தங்கம் புதைந்து கிடக்கிறது என்று 2020 பிப்ரவரியில் ஒரு செய்தி பரவியது. சொன்னவர்கள் மாநிலக் கனிமத் துறை அதிகாரிகள். அன்றைக்கு ரிசர்வ் வங்கியிடம் இருந்த தங்கத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட அளவு அது. நாட்டின் கடன் எவ்வளவு அடையும் என்று தொலைக்காட்சிகள் கணக்குப் போட ஆரம்பித்த இரண்டொரு நாளிலேயே கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடமிருந்து மறுப்பு வந்தது. தாங்கள் அங்கே மதிப்பிட்டது 52,806.25 டன் தாதுதான். அதில் டன்னுக்குச் சராசரியாக 3.03 கிராம் தங்கம். ஆக மொத்தம் ஏறக்குறைய 160 கிலோ என்று அத்துறை விளக்கியது. உருக்கி ஊற்றினால் ஒரு குடம்கூட நிறையாது. ஊர் முழுக்கக் கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு கணக்கை இப்படி மறுத்துப் பேசியது அந்தத் துறையின் தலைமை செய்த மிகப் பெரிய சேவை என்பது என் கருத்து. கனிமத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அந்தப் பதவியின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். துறை வெளியிடும் எண்ணை நம்பி எவரும் பணம் போடலாம் என்ற நிலையைக் காப்பது அதைவிட முந்திய வேலை.

இந்த இழுபறி புதிதல்ல. 1851இல் தாமஸ் ஓல்டாம் வந்து இத்துறையைத் தொடங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது நிலக்கரி. எங்கே கரி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்பது எஜமானர்களின் எதிர்பார்ப்பு. நாட்டின் பாறை அமைப்பை முறையாக வரைபடமாக்காமல் கரியைத் தேடி அலைவது வீண் என்பது ஓல்டாமின் வாதம். 1876வரை 25 ஆண்டுகள் தலைமையில் இருந்து தன் வாதத்தை நிலைநாட்டினார். 1951இல் முதல் இந்திய இயக்குநரான தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் எம்.எஸ். கிருஷ்ணன் ஏற்றுக்கொண்டதும் அந்த வரைபடங்களின் மரபைத்தான்.

கனிமத் தேடலின் கணக்கு சாமானியருக்கு எளிதில் பிடிபடாதது. முதற்கட்ட நோட்டம் ஜி-4. அதில் பாறையையும் மண்ணையும் மாதிரி எடுத்து, இங்கே ஏதோ இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். ஜி-3இல் தள்ளித் தள்ளிச் சில துளைகள் போடுவார்கள். அங்கிருந்து கிடைப்பது உத்தேச வளம். ஜி-2, ஜி-1 என்று போகப் போகத் துளைகள் நெருங்கும், செலவு ஏறும், சந்தேகம் குறையும். வெட்டி எடுத்தால் லாபம் உண்டு என்று நிரூபணமானால்தான் அது இருப்பு எனப்படும். தொடங்கிய இடங்களில் மிகப் பெரும்பாலானவை நடுவழியிலேயே கைவிடப்படும். அது தோல்வியே அல்ல. இங்கே இல்லை என்று தெரிவதும் அடுத்தவர் செலவை மிச்சப்படுத்தும் தகவல். ஆனால், இத்தனை வட்டாரங்களுக்கான அறிக்கைகளை ஏலத்துக்காக மாநிலங்களிடம் கொடுத்தோம் என்பதுதான் சுரங்க அமைச்சகத்தின் சாதனைக் கணக்கில் முன்னால் நிற்கிறது. போதாக்குறைக்கு 2021இல் விதிகள் மாற்றப்பட்டு, ஜி-4 நிலையிலேயே, ஆய்வும் சுரங்கமும் சேர்ந்த கூட்டு உரிமத்துக்காக ஏலம் விட வழி பிறந்தது. எண்ணிக்கையை வைத்து அளந்தால், கைவிட வேண்டிய இடத்தையும் கைமாற்றிவிடத்தான் தோன்றும்.

அந்த அவசரத்துக்கு என்ன விலை என்பதை ஜம்முவின் ரியாசி காட்டியது. 2023 பிப்ரவரியில் அங்கே 59 லட்சம் டன் லித்தியம் உத்தேச வளம் இருப்பதாக அறிவிப்பு வந்தது. ஜி-3 நிலைக் கணிப்பு என்று அதில் எழுதியிருந்தது, வாசித்தவர்கள் குறைவு. 59 லட்சம் டன் என்பது தாதின் எடை. சிலி, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பட்டியலில் இருப்பதோ உலோகத்தின் எடை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, உலகத் தரவரிசையில் இந்தியா எத்தனையாவது இடம் என்று பட்டியல் போட்டவர்கள் நெல்லையும் அரிசியையும் ஒரே மரக்காலால் அளந்தவர்கள். இல்லை, அதைவிடவும் மோசம், இங்கே உமியின் பங்கு பல நூறு மடங்கு. அதே ஆண்டு நவம்பரில் ரியாசி ஏலத்துக்கு வந்தது. தகுதியான ஏலதாரர்கள் மூன்று பேர்கூடத் தேறாமல் 2024 மார்ச்சில் ரத்தானது. மறுபடியும் விடப்பட்டு, மறுபடியும் ரத்தானது. அங்கே இருப்பதுபோன்ற களிமண்ணிலிருந்து லித்தியத்தைப் பிரிக்கும் தொழில்நுட்பம் வணிக அளவில் முதிராதது என்பதும், தாதைப் பதப்படுத்திப் பார்த்த விவரங்கள் போதவில்லை என்பதும் நிறுவனங்கள் அறிந்தவையே. தலைப்புச் செய்தியை நம்பி எந்தச் சுரங்க நிறுவனமும் பணம் போடுவதில்லை.

சீனா 2025 ஏப்ரலில் அரிய மண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது நம் வாகன ஆலைகள் தடுமாறினவே, இந்த நேரத்தில் நிதானம் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கம், 2030-31க்குள் 1,200 ஆய்வுத் திட்டங்களை இத்துறையின் தோளில் ஏற்றியிருப்பதும் இப்படி ஒரு நாள் வரும் என்ற கவலையால்தான். துளைக்கருவிகளைப் பெருக்குங்கள், ஆட்களைச் சேருங்கள், வான்வழி அளவீட்டை விரைவுபடுத்துங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பை முந்திக்கொள்வதால் துளை ஆழமாவதில்லை. ரியாசியில் மிச்சமானதாக நினைத்த காலத்தை இரண்டு ஏலங்கள் தின்றுவிட்டன.

இந்தச் செலவை அரசு ஏன் சுமக்க வேண்டும், தனியாரிடம் விட்டுவிடலாமே என்று வேறொரு தரப்பு கேட்கும். தனியார் போடும் துளையின் விவரம் தனியாரின் அலமாரிக்குள் போய்விடும். அடுத்தவர் அதே இடத்தில் மீண்டும் துளைப்பார். தவிர, 2015இல் ஏல முறை வந்தபின், கண்டுபிடித்தவருக்கே சுரங்கம் என்ற உறுதி போய்விட்டது. 2023இல் வந்த ஆய்வு உரிமம், பிற்பாடு ஏலத் தொகையில் பங்கு தருவதாகச் சொல்லி அதை ஓரளவு சரிசெய்யப் பார்க்கிறது. பொதுத் தரவு என்ன செய்யும் என்பதற்குத் தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் போதும். அரசு எடுத்து வெளியிட்டிருந்த ஈர்ப்பு, காந்த அளவீட்டு வரைபடங்களைத் தன் தாமிரக் கோட்பாட்டோடு பொருத்திப் பார்த்த ஒரு நிறுவனம், 1975இல் 300 மீட்டருக்கும் மேற்பட்ட பாறைப் போர்வைக்கு அடியில் உலகின் மிகப் பெரிய தாமிர, யுரேனியப் படிவுகளில் ஒன்றைத் தொட்டது. சுரங்கம் திறந்தது 1988இல். வரைபடம் வெளியிட்ட அதிகாரிகள் எவரும் அந்த நாளில் மேடையேறியிருக்க வாய்ப்பில்லை. நம் துறையும் 2023 டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தைத் திறந்திருக்கிறது. உண்மையிலேயே நல்ல காரியம். வெற்றுத் துளைகளின் பதிவுகளும் முழுசாக அதில் ஏறினால் அதன் மதிப்பு இன்னும் கூடும்.

நம்பகத்தன்மை என்பது நிலத்துக்கடியில் மட்டும் இருப்பதில்லை. மதுரை மாவட்டத்தின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் 2024 நவம்பரில் ஏலம் போனது. அதற்குள்ளே, 2022இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்த அரிட்டாபட்டியின் 193 ஹெக்டேரும் இருந்தது. மக்கள் திரண்டார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது. வட்டாரத்தின் எல்லையை மறுபரிசீலனை செய்யும்படி டிசம்பரில் புவியியல் ஆய்வுத் துறையிடமே சொன்னார்கள். 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. பாறையைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை, குன்றின் மேலுள்ள கோயிலும் சமணக் குகையும் வருவாய்த் துறையின் பாடு என்று புவியியலாளர் சொல்லக்கூடும். எல்லைக்கோடு போடும் முன் அந்த அரசாணை மேசைக்கு வந்திருக்க வேண்டும் என்று கேட்கும் அதிகாரம், ஆய்வுத் துறைத் தலைவருக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு?

கேட்கலாம்தான், நாற்காலியில் நிலைத்திருந்தால். பணிமூப்பில் உயர்ந்து ஓய்வுக்குச் சற்று முன்னால் உச்சிக்கு வருபவர்களே அநேகமாகத் தலைமை இயக்குநர்கள். 2020க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏறக்குறைய ஆண்டுக்கொரு பெயர் அந்த அறையின் பலகையில் மாறியிருக்கிறது. ஓராண்டுக்குள் காட்டத்தக்கது அறிவிப்பு மட்டுமே. ஜி-4இல் தொடங்கியதை ஜி-2வரை கொண்டுபோவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிடும். குறைந்தது ஐந்தாண்டு உறுதியான பதவிக்காலம், வள மதிப்பீடுகளை அமைச்சகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் வெளியிடவும் தவறான கணக்குகளைத் திருத்தவும் எழுத்துபூர்வ அதிகாரம் ஆகிய இரண்டையும் சட்டத்தில் எழுதினால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. எழுதாவிட்டால், அந்த 1,200 திட்டங்களில் முதலாவதைத் தொடங்கிவைத்தவருக்கும் கடைசி அறிக்கையில் கையெழுத்திடப் போகிறவருக்கும் இடையே அந்த நாற்காலி இன்னும் எத்தனை பேரைப் பார்க்குமோ.