கைதட்டு வேண்டுமா, காரியம் வேண்டுமா?

தோட்டத்தில் ஒரு சங்கக் கூட்டம். பேச்சாளர் ஒரு மணி நேரம் முழங்குகிறார். வியர்வை, குருதி, வரலாறு, விடியல் எல்லாம் வந்து போகின்றன. கைதட்டு ஓயவில்லை. கூட்டம் கலைந்து லயத்துக்குத் திரும்பும் ஒருவரை நிறுத்திக் கேளுங்கள்: "பேச்சு எப்படி?" "அடேயப்பா, என்னமாய்ப் பேசினார்!" என்பார். "சரி, நம்மை என்ன செய்யச் சொன்னார்?" என்று கேளுங்கள். பதில் வராது.

இந்தக் குறையை நமது மேடைகளில் நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். தோழர்கள் சிலர் என்மீது கோபம் கொண்டாலும் சரி, மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சங்கப் பேச்சு கேட்டு மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. கேட்டவர் வீட்டுக்குப் போய், கூட்டத்துக்கு வராத மனைவியிடமோ அண்டை வீட்டாரிடமோ திருப்பிச் சொல்லக் கூடியதாக அது இருக்க வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத பேச்சு எவ்வளவு அழகாயிருந்தாலும் பயனற்றது.

பேசும் உரிமை நமக்குச் சும்மா கிடைத்ததன்று. 1941-ம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நாம் மறக்கலாகாது. ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் இருந்தன. அவரைக் கைது செய்தார்கள், படையை இறக்கினார்கள், தொழிலாளர் உயிர்களும் போயின.

அந்தக் கோரிக்கைகளைப் பேச்சு எழுத விரும்பும் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கொடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்புக் கொடு. கள்ளுக்கடையை மூடு. துரையோ ஆபீஸ் சிப்பந்தியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. இப்படி ஒவ்வொன்றும் கையால் தொட்டுப் பார்க்கக் கூடிய கோரிக்கை. மானம், அடிமைத்தளை என்று ஆயிரம் சொல் அடுக்கலாம். அந்தச் சைக்கிள் ஒன்று போதாதா? கேட்ட ஒவ்வொருவனுக்கும் தான் இறங்கி நின்ற இடமும் நாளும் நினைவுக்கு வந்திருக்கும். நான் கிராணி. இறங்கச் சொன்னவர்களில் என் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். அதைப் படிக்கும்போது இன்றும் எனக்குச் சுடுகிறது.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஒட்டுப்பால் நிறுவையில் தகராறு எழுந்தது. ஈரம் இருக்கிறது என்று சொல்லி, ஸ்டோரில் எடையைக் கழித்தார்கள். கழித்தது போக மீதியைச் செக்ரோலில் எழுதியவன் நானேதான். தோட்டக் கமிட்டித் தலைவர் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஒரு பேச்சு எழுதிக் குடுங்க" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பரிசு வாங்கியவன் அல்லவா? இரண்டு இரவு கண்விழித்து ஆறு பக்கம் எழுதினேன். குறள் இரண்டு சேர்த்தேன். "சுரண்டற்கொடுமையினின்றும் விடுதலை" என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டு நானே நாலு முறை படித்து மகிழ்ந்தேன்.

மேடையில் அண்ணன் அந்த வரியில் இடறினார். மறுபடி தொடங்கினார், மறுபடியும் இடறினார். முன் வரிசைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேசாமல் கீழே இறங்கினார். மறுநாள் காலைப் பிரட்டில் ஒரு பையன் அந்த வார்த்தையை அவரைப் போலவே திக்கிச் சொல்லிக் காட்டினான். ஒட்டுப்பால் பிரச்னையை எல்லோரும் மறந்தார்கள். அண்ணன் திக்கியதை ஒருவரும் மறக்கவில்லை. அதன்பின் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "கிராணி ஐயா" என்றார். ஒன்றரை வருடம் அவர் மேடை ஏறவுமில்லை; கழிவும் நிற்கவில்லை.

தோழர்களே, அந்தப் பேச்சில் பிழை எங்கே? அவருடைய படிப்பிலா? இல்லை. ஒருவருடைய வாய்க்கு எழுதுகிறோம் என்பதை மறந்து, என் தமிழுக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். அதுதான் பிழை.

மறுமுறை பேச்சு வேண்டியிருந்தபோது, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டு அஞ்சடியில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. நடந்ததை நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சனிக்கிழமை பன்னிரண்டு கிலோ கொண்டு போனேன். நீங்க எழுதினது ஒன்பது. மூணு கிலோ தண்ணின்னு சொல்றாங்க. அந்தத் தண்ணியை யார் நிறுத்துப் பார்த்தது?"

என் ஆறு பக்கத்திலும் இந்த ஒரு கேள்விக்கு ஈடான வரி இல்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். கடைசியில் ஒன்று மட்டும் இருவரும் யோசித்துச் சேர்த்தோம்: "இனிமேல் நிறுக்கும்போது நம்ம ஆளுங்க ரெண்டு பேர் தராசுப் பக்கத்தில் நிற்கணும். சம்மதம்னா கை தூக்குங்க." ஞாயிறன்று அவர் தாளைப் பார்க்கவே இல்லை. பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அத்தனை கையும் உயர்ந்தது.

நிர்வாகம் உடனே இணங்கிவிடவில்லை. இரண்டு பேச்சுவார்த்தைக்குப் பிறகே தராசுப் பக்கம் நம் ஆட்கள் நிற்க ஒப்புக்கொண்டது. கழிவு அடியோடு ஒழியவில்லை. ஆனால் வாய்க்கு வந்தபடி கழிப்பது நின்றது. என்னை ஆபீஸில் கூப்பிட்டு, "கணக்கு எழுதுகிறவன் பேச்சும் எழுதலாமா?" என்று கேட்டார்கள். "கணக்கைத்தான் எழுதினேன்" என்றேன். அன்று மாலை பால் ஸ்டோர் வாசலில் அண்ணன் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, வேலைக்கு ஆபத்து ஒண்ணுமில்லையே?" என்றார்.

ஆகவே பேச்சு எழுதும் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். செக்ரோல் எழுதுவது போலப் பேச்சை எழுதுங்கள். யார், என்றைக்கு, எவ்வளவு என்பது முதலில் இருக்கட்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை போதும். தண்ணீர்க் குழாய், கோயில் திருவிழா, சம்பளம், பாலர் பள்ளி என்று ஒன்பதைச் சேர்த்துப் பேசினால், நிர்வாகம் அவற்றில் மிகச் சிறியதைச் செய்துவிட்டு எல்லாம் செய்தாயிற்று என்று சொல்லிவிடும்.

எண்களைச் சரிபார்க்காமல் மேடைக்குக் கொண்டு போகாதீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2025 பிப்ரவரி முதல் தோட்டங்கள் தரவேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பது சட்டம். எடைக்கூலி வாங்குகிறவருக்கும் அது பொருந்தும். இதை வைத்துக்கொண்டு "வஞ்சிக்கப்படுகிறோம்" என்று முழங்குவதில் பயன் இல்லை. பத்துப் பேருடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். குறைந்திருந்தால் எந்த மாதம், எத்தனை வெள்ளி என்று எழுதுங்கள். குறையவில்லை என்றால் அந்தப் பேச்சைக் கைவிடுங்கள். மேடையில் சொன்ன ஒரு பொய்க் கணக்கு, பேச்சுவார்த்தை மேஜையில் நூறு உண்மைக் கணக்கைக் கெடுத்துவிடும். மண்டோரை ஏசுவதும் அப்படித்தான். ஏசியவர் விசாரணைக்குப் போவார். குறை அப்படியே கிடக்கும்.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். கேட்கிறவர் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, சுமந்து, நிறுத்துவிட்டு வந்தவர். பெண்கள் அதற்கு மேல் அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்து கடைசியில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரை நாம் மேடைக்கு அழைத்திருக்கிறோம்? ஸ்டோரில் எடை குறைந்தால் அங்கேயே நின்று நியாயம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். எழுதத் தெரிந்தவர்கள் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள். அவர்களையே பேசவும் சொல்லுங்கள்.

"அப்படியானால் தமிழின் அழகு என்னாவது?" என்று சில நண்பர்கள் கேட்கக் கூடும். தமிழ்நாட்டு மேடைகளில் வளர்ந்த அடுக்குமொழி எனக்கும் பிடிக்கும். பொங்கல் விழாவில் பேசுங்கள். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன். சம்பளம் பேசும் இடத்தில் வேண்டாம். அங்கே கேட்டவனுக்குப் புரிவதே அழகு.

எளிய பேச்சால் பெரிய காரியம் நடக்குமா என்ற ஐயம் எழலாம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதைத் தொடங்கிய வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரைச் சந்தித்தார். கேட்டது என்ன? பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குங்கள். விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்பதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிவிட முடியும். அப்படிச் சேர்ந்த பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு வேறு தோட்டங்களும் வந்தன. கோரிக்கை ஒன்று, தொகை ஒன்று, செய்ய வேண்டியதும் ஒன்று. அதனால்தான் அந்தப் பேச்சு லயத்துக்கு லயம் நடந்து போயிற்று.

அடுத்த கூட்டத்துக்குப் பேச்சு எழுத உட்காரும் கமிட்டித் தோழர்களே! அகராதியை எடுத்து வைத்துவிட்டுச் சம்பளச் சீட்டைக் கையில் எடுங்கள். எழுதி முடித்ததும் கூட்டத்துக்கு வர இயலாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் அதைத் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். சொல்லிவிட்டால் அந்தப் பேச்சோடு மேடை ஏறுங்கள். சொல்ல முடியாவிட்டால், குறை கேட்டவரிடம் இல்லை. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஒரு தோட்டக் கிராணி